நூற்றெட்டு முறை ஒரே பெயர்

மதுரையில் காசி யாத்திரை நடத்தும் நிறுவனம் ஒன்றின் இணையதளத்திற்குக் கட்டுரை எழுதி எழுதிக் களைத்துப்போனவள் பூங்கோதை. ஒருநாள் முதலாளி வைரவநாதர் அவளை அழைத்தார்.

“‘மதுரை காசி யாத்திரை’ங்கிற பெயர் ஒரே கட்டுரையில நூற்றெட்டு முறை வரணும். அப்பத்தான் இணையத்துல தேடுறவங்களுக்கு நாம முதல்ல தெரிவோம். முடியலைன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே.”

“படிக்கிறவங்க சலிச்சுப்போவாங்களே, ஐயா?”

“சாமிக்கே நூற்றெட்டு அர்ச்சனை செய்றோம். அவர் சலிச்சாரா?”

பெருமூச்சுடன் எழுதி முடித்து, மாலையில் கொண்டுவந்தாள். இடம் பதிவுசெய்ய வந்த முதியவர் ஒருவர் அங்கே அமர்ந்திருந்தார்.

“இவருக்கே வாசிச்சுக் காட்டுங்க, ஐயா.”

வைரவநாதர் கம்பீரமாகத் தொடங்கினார். “மதுரை காசி யாத்திரை செல்ல விரும்புவோர், மதுரை காசி யாத்திரைக்கு எங்கள் மதுரை காசி யாத்திரையையே...”

ஐந்தாம் வரியில் முதியவர் கைகூப்பினார். “பெயர் தெரிஞ்சுதான் வந்தேன், சார். என் சம்சாரத்துக்கு முழங்கால் வலி. கங்கைப் படியில கைபிடிச்சு இறக்கிவிட ஆள் உண்டா? தங்குற இடத்துல வெந்நீர் உண்டா?”

வைரவநாதர் தாள்களைப் புரட்டினார், எங்கும் காணவில்லை.

“ரெண்டும் உண்டு. எழுதத்தான் இடமில்லாமப் போச்சு” என்றாள் பூங்கோதை. “அர்ச்சனையில வர்றது நூற்றெட்டு வேறவேற நாமம், ஐயா. ஒவ்வொண்ணும் சாமி செஞ்ச ஒரு அருளைச் சொல்லுது. நாமும் செய்றதைச் சொல்லலாமே?”

முதியவர் இரண்டு இடங்கள் கேட்டார். வைரவநாதர் தாள்களை மெல்ல மடித்தார்.

“வெந்நீர்லேர்ந்தே ஆரம்பிம்மா” என்றார்.