வார்டன் கையில் கத்தி

விரித்தால் ஒரு சாண் நீளம் வரும் மடக்குக் கத்தியால் விடுதி மெஸ்ஸில் மலர்க்கொடி மாங்காய் நறுக்கினாள். அவ்வளவுதான்! கொலை விழுந்த மாதிரி ஆளாளுக்கு அலறினார்கள். வார்டன் சௌந்தரவல்லி கத்தியைப் பிடுங்கித் தன் மேசைமேல் வைத்தாள்.

"கத்தி எடுக்கிறவ ரவுடிதான். இல்லேன்னு சாயங்காலத்துக்குள்ள நிரூபி. முடியலேன்னா பெட்டியைக் கட்டு!"

"சரி மேடம்" என்றவள், ஊரிலிருந்து வந்த பலாப்பழத்தை அதே மேசையில் வைத்துவிட்டு, "உங்களுக்குத்தான்" என்று நழுவினாள்.

மணம் அறையைத் தூக்கியது. வார்டன் எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்?

தோழிகளோடு மலர்க்கொடி திரும்பியபோது, வார்டன் வாய் நிறையச் சுளையோடு கையை உதறிக்கொண்டிருந்தாள். பலாப் பிசினில் ஒட்டிய கத்தி விடவேயில்லை.

"ஐயோ, ரவுடி!" என்று தோழிகள் கத்தினார்கள்.

"பழம்தானேடி வெட்டினேன்!"

"நான் மாங்காய்தானே மேடம் வெட்டினேன்? இப்போ எண்ணெய் கொண்டு வரட்டுமா, உங்க பெட்டியைக் கட்டட்டுமா?"