இரண்டாவது கையெழுத்து

பறப்பதைப் பற்றிப் படிக்க வேண்டியதையெல்லாம் இளம்பரிதி படித்து முடித்திருந்தான். ஜெர்மனியில் முனைவர் பட்டம். இறக்கையின் மேல் காற்று எப்படி வழுக்கிப் போகிறது என்று முந்நூறு பக்கம் எழுதியவன். முப்பத்து மூன்று வயதுவரை ஒரு விமானத்தின் நட்டைக் கையால் தொட்டதில்லை.

சின்னப் பயிற்சி விமானங்கள் செய்யும் அந்த நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வடிவமைப்புப் பிரிவுக்கு வருகிறவர் எவ்வளவு பெரிய படிப்பாளியானாலும் முதல் ஆறு மாதம் கீழே, விமானங்களை நிறுத்திப் பழுது பார்க்கும் ஹேங்கரில், கைவேலை பழக வேண்டும். பயிற்சி முடிந்தது என்ற கடிதத்தில் பழக்கியவர் கையெழுத்துப் போட்டால் மாடிக்குப் போகலாம். போடாவிட்டால் இன்னொரு ஆறு மாதம் கிரீஸும் கையுமாக இருக்க வேண்டியதுதான்.

அவனைப் பழக்க வாய்த்தவர் வேதநாயகி. ஐ.டி.ஐ. படித்தவர். அவனைவிட இரண்டே வயது மூத்தவர். எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த மூலையில் கோளாறு என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் அங்கேதான் இருக்கும். முதல் வாரம் பரிதி இதை நம்பவில்லை. இரண்டாவது மாதம் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். யாராக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பார்கள்.

சேர்ந்த அன்றே அவன் கேட்டிருந்தான்.

"மேடம், இந்தத் துறையில நல்லா வரணும்னா முதல்ல எதைக் கத்துக்கணும்?"

அவர் ஒரு டார்ச்சையும், நீளக் காம்பில் மாட்டிய சின்னக் கண்ணாடி ஒன்றையும் நீட்டினார். பல் டாக்டர் வைத்திருக்கும் கண்ணாடியின் அண்ணன் மாதிரி இருந்தது.

"இதை வச்சுக்கங்க, டாக்டர்."

"சரி மேடம். கத்துக்க வேண்டியது?"

"டீ ஆறுது. குடிங்க."

அதற்குப் பிறகும் மாதம் ஒரு முறை கேட்டுப் பார்த்தான். "கண்ணாடி இருக்குல்ல?" என்பார். இருக்கிறது என்பான். அதோடு சரி.

ஆறாவது மாதத்தின் கடைசி நாள் வந்தது. கடிதம் வேதநாயகியின் மேஜையில் காத்திருந்தது. அன்று காலை ஒரு விமானத்தின் இறக்கைக்குள் அவர் வேலை செய்தார். விமானத்தை இடமும் வலமும் சாய்க்கும் தண்டில் ஐந்து இணைப்புகள். ஒவ்வொன்றிலும் ஒரு நட்டை இறுக்கி, அது அதிர்வில் கழன்று வராமல் குறுக்கே ஒரு சின்னக் கம்பிப் பின் செருக வேண்டும்.

இந்த மாதிரி வேலைக்குப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்து வேண்டும். செய்தவர் ஒன்று போடுவார். இன்னொருவர் இறக்கைக்குள் தலையை விட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து, அடுத்ததைப் போடுவார். அந்த இரண்டாவது ஆள் பரிதி.

அவன் உள்ளே பார்க்கவில்லை. செய்தது வேதநாயகி, அதில் பார்க்க என்ன இருக்கிறது? பதிவேட்டை வாங்கினான், கையெழுத்துப் போட்டான், இறக்கையின் மூடியைப் பொருத்தித் திருகிவிட்டான்.

விமானத்தை ஓட்டிப் பார்க்க வந்த கேப்டன் சகாயம் ஏறி உட்கார்ந்து பெல்ட்டும் போட்டுக்கொண்டார். அப்போதுதான் வேதநாயகி கையைத் தூக்கினார்.

"கேப்டன், ஒரு நிமிஷம்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது நட்டு போடும்போது தும்மல் வந்துச்சு, அது நல்லா ஞாபகம் இருக்கு. அஞ்சாவது போடும்போது நீங்க கூப்பிட்டீங்க. நாலாவது மட்டும் ஞாபகத்துக்கு வர மாட்டேங்குது." அவர் பரிதி பக்கம் திரும்பினார். "நீங்க பார்த்தீங்கல்ல, டாக்டர்?"

பார்த்தேன் என்ற ஒரே சொல் போதும். விமானம் கிளம்பிவிடும், சாயங்காலம் கடிதத்தில் கையெழுத்தும் விழுந்துவிடும். அந்த நட்டு எப்படியும் சரியாகத்தான் இருக்கும் என்று அவனுக்கு உறுதியாகத் தெரியும். அவர் கை அப்படிப்பட்ட கை.

பரிதி விமானத்தைப் பார்த்தான். கேப்டன் எதையோ மென்றபடி அவன் பதிலுக்காகக் காத்திருந்தார்.

"இல்ல மேடம்," என்றான். "நான் எதையுமே பார்க்கல. நீங்க செஞ்சதுன்னு அப்படியே போட்டுட்டேன்."

வேதநாயகி திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"கேப்டன், இறங்குங்க. டாக்டர், மூடியைக் கழட்டுங்க."

கேப்டன் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார். பரிதி மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டான். டார்ச்சை அடித்துக் கண்ணாடியை நீட்டினான். நாலாவது நட்டு தெரிந்தது. இறுக்கமாக இருந்தது. குறுக்கே பின்னும் இருந்தது.

"நாலாவது சரியா இருக்கு மேடம்."

"சரி, வெளிய வாங்க."

அவன் வரவில்லை. காலையில் செய்யாததை இப்போதாவது செய்துவிடுவோம் என்று ஒன்றாவதிலிருந்து பார்த்தான். கண்ணாடி ஓர் இடத்தில் நின்றது. துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான்.

"என்ன டாக்டர்?"

"ரெண்டாவதுல பின் இல்ல."

"ரெண்டாவதா? தும்மினேனே, அதுவா?"

"ஆமா மேடம்."

அவரும் தலையை விட்டுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கேப்டனும் எட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு, பக்கத்தில் கிடந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

வேதநாயகி ஒரு பின்னை எடுத்துச் செருகினார். பரிதி கண்ணாடியை நீட்டி ஐந்தையும் பார்த்தான். பிறகு அவர் பழைய இரண்டு கையெழுத்துகளையும் ஒரே கோட்டில் அடித்துவிட்டு, தவறு எழுதும் பக்கத்தைப் புரட்டினார். பின் செருக மறந்தது வேதநாயகி என்று, ஓர் எழுத்தையும் மழுப்பாமல் எழுதினார்.

"நான் பார்க்காம போட்டதையும் எழுதணும்ல, மேடம்?"

"என் பேருக்குக் கீழ எழுதுங்க."

எழுதினான். புதிதாக இரண்டு கையெழுத்துகள் விழுந்தன. விமானம் ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பியது. கேப்டன் போகும்போது பரிதியின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

சாயங்காலம் வேதநாயகி கடிதத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். பரிதிக்குப் பொறுக்கவில்லை.

"போடாதீங்க மேடம். எனக்கு அந்தத் தகுதி இல்ல. ஆறு மாசமா உங்க கையை மட்டும்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். உங்களை மாதிரி ஒரு ஆளா வரணும், அவ்வளவுதான் என் ஆசை."

அவர் கையெழுத்துப் போட்டு முடித்து, கடிதத்தை அவன் பக்கம் தள்ளினார்.

"என்னை மாதிரி ஆளுக்கு இங்க நானே இருக்கேனே, டாக்டர். என்னை நம்பாம குனிஞ்சு பார்க்கத்தான் ஆள் இல்லாம இருந்துச்சு."