மேசைக்காலில் கட்டிய கயிறு

"எனக்கு இது வராதுடே. ஆளை விடு" என்றார் கஸ்பார்.

ஐம்பது வயது, தூத்துக்குடிக்காரர். சரக்குக் கப்பலில் பத்தொன்பது வருசமாக மேல்தள வேலை. அவருடைய குருவுக்கு வயது இருபத்தாறு. பிலிப்பைன்ஸ்காரன், கப்பலின் சமையற்காரன், பெயர் கிரிசாந்தோ. கப்பலில் கற்ற தமிழை உப்புப் போடுகிற மாதிரி அளந்துதான் பேசுவான்.

"என்ன வராது, அண்ணே?"

"ஒரு சொல்லுல எந்த இடம் அழுத்தி ஓங்குதுன்னு கண்டுபிடிக்கணுமாம். இங்கிலீஷ்ல பத்து, உங்க ஆளுங்க பேசுற தகலாக்ல பத்து. சனிக்கிழமை கேப்டன் வாசிப்பாரு, நான் சொல்லணும். தப்பாச் சொன்னா மேல்தளத் தலைவன் வேலை வேற ஆளுக்கு."

"ஏனாம்?"

"நான் ஆணை போட்டா தாலாட்டு மாதிரி இருக்காம். காத்துல ஒருத்தனுக்கும் விளங்காதாம். கேப்டன் சிரிச்சான்டே, சிரிச்சான்!" கஸ்பாருக்கு மூக்கு விடைத்தது. "எங்க பேச்சுல எல்லா எழுத்துக்கும் ஒரே மரியாதை. ஒண்ணைத் தலையில தூக்கி வெச்சு மத்ததை மிதிக்கிற புத்தி எனக்குக் கிடையாது."

கிரிசாந்தோ வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தான். அவரை மேல்தளத்துக்குக் கூட்டிப்போனான். நனைந்த பெருங்கயிறு ஒன்று அங்கே கிடந்தது.

"இழுங்க."

"நான் கேட்டது என்ன, நீ காட்டுறது என்ன?"

"இழுங்க, அண்ணே."

பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். அசையவில்லை. பாட்டன் காலத்துக் குரல் தானாக வந்தது.

"ஐலசா!"

கயிறு நகர்ந்தது.

"கை எப்ப இறுகுச்சு?"

கஸ்பார் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தார்.

"'சா'வுல."

"மத்த எழுத்தெல்லாம் மிதிபட்டுச்சா?"

"அடுப்புல சோறு இருக்கு" என்று அவன் போய்விட்டான்.

மறுநாள் சமையலறைக் கதவில் ஒரு முழக் கயிறு தொங்கியது. கிரிசாந்தோ உள்ளிருந்து சொல்வான். கஸ்பார் திருப்பிச் சொல்லி இழுப்பார்.

"சலாமத். நன்றின்னு அர்த்தம்."

"நடுவுல!"

"ஹோட்டல்."

"கடைசியில! அடப்பாவி, இத்தனை வருசமா நான் முன்னால இழுத்திருக்கேன்!"

சனிக்கிழமை கேப்டன் அறைக்குக் கயிற்றோடு போனார். கேட்காமலே மேசைக்காலில் கட்டினார்.

கேப்டன் முதல் சொல்லை வாசித்தார். "லுபித்." தகலாக்கில் அதற்குக் கயிறு என்று பொருள்.

கஸ்பார் சொல்லி இழுத்தார். மேசை அதிர்ந்தது. காபி சிந்தியது.

"முதல் இடம்" என்றார் கஸ்பார்.

சரிதான். ஆனால் கேப்டன் முகம் சிவந்துவிட்டது. ஆங்கிலத்தில் கத்தினார். "இதென்ன கோமாளித்தனம்? கயிறைக் கீழே போடு. மனுசன் மாதிரி வாயால் சொல்லு!"

கஸ்பார் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"மாட்டேன்!"

கேப்டனுக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. இந்தச் சொல் விளங்கிவிட்டது.

அவர் காபிக் கோப்பையை மேசையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். அடுத்த சொல்லை வாசித்தார்.