செவத்தியின் உடம்பு

காட்டோரத்து மேட்டில் வெள்ளெலிகள் வளை தோண்டி வாழ்ந்தன. அந்த வருடம் மழை பொய்த்தது. பொது வளையில் சேர்த்து வைத்திருந்த தினையை நம்பித்தான் கூட்டமே இருந்தது. அந்தத் தினையும் மளமளவென்று குறைந்தது.

"யாரோ திருடுகிறார்கள்!" என்றது தலைவன் முறுக்கன்.

எல்லாக் கண்களும் செவத்தியின் மேல் விழுந்தன. கூட்டத்திலேயே பருத்த எலி அதுதான். நடந்தால் வயிறு தரையில் உரசும்.

"என் பங்குக்கு மேல் ஒரு மணிகூட நான் தொட்டதில்லை, தலைவரே!"

"அப்படியானால் இந்த வயிறு எப்படி வந்தது? காற்றைத் தின்றா?"

கூட்டம் சிரித்தது. செவத்தியின் தங்கை வேம்பிக்குப் பொறுக்கவில்லை. அது ஒல்லியான எலி.

"நாங்கள் ஒரே ஈற்றில் பிறந்தவர்கள். ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். அக்காவுக்கு அம்மாவின் உடம்பு. பாட்டிக்கும் இதே உடம்புதான். கொஞ்சம் தின்றாலும் சேர்த்து வைத்துக்கொள்ளும். எனக்கு அப்பாவின் உடம்பு. எதுவும் ஒட்டாது!"

"திருடிக்குத் தங்கை சாட்சியா?" என்று கத்தியது ஈர்க்கன் என்ற மெலிந்த எலி.

முறுக்கன் தீர்ப்புச் சொன்னது. "இனி உனக்குப் பாதிப் பங்குதான். தினமும் வெயிலில் மேட்டைச் சுற்றி ஓடு. இளைத்துக் காட்டு, நம்புகிறோம்!"

செவத்தி ஓடியது. முகம் ஒட்டிப்போனது, கால்கள் நடுங்கின. வயிறு மட்டும் முழுதாக வற்றவில்லை.

"பாருங்கள், இன்னும் திருடித் தின்கிறது!" என்றன மற்ற எலிகள். பங்கு இன்னும் குறைந்தது.

வேம்பி தன் தினையை ஒளித்து எடுத்து வந்தது.

"வேண்டாம்டி. பார்த்துவிட்டால் உன்னையும் ஓட வைப்பார்கள்" என்று செவத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

ஒரு நண்பகலில் ஓடிக்கொண்டிருந்தபோதே அது சுருண்டு விழுந்தது. பிறகு எழவே இல்லை.

அதன் பிறகும் தினை குறைந்தது. முறுக்கன் பயந்துபோய்த் தானே காவல் இருந்தது. கன்னம் புடைக்கத் தினையை அடைத்துக்கொண்டு வெளியே வந்தது ஈர்க்கன்!

"நீயா?"

"நான்தான். எவ்வளவு தின்றாலும் என் உடம்பு காட்டிக்கொடுக்காது. நீங்கள் யாரும் என் பக்கம் திரும்பவே இல்லையே!"

எலிகள் ஈர்க்கனைக் கடித்து விரட்டின. முறுக்கன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேம்பியிடம் போனது.

"தப்பு நடந்துவிட்டது அம்மா. பொறுத்துக்கொள்."

"அதை அக்காவிடம் போய்ச் சொல்லுங்கள்" என்றது வேம்பி.

மழை வந்ததும் வேம்பி குட்டிகள் ஈன்றது. அதில் ஒன்று உருண்டையாக இருந்தது. பார்க்க வந்த எலிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"இது நிறையத் தின்னுமோ?" என்றது ஒன்று.

வேம்பி அந்தக் குட்டியை முதலில் வாயில் கவ்வியது. பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை.

பிறப்போடு வந்த உடம்பைப் பார்த்து ஒருவரின் குணத்தைத் தீர்மானிப்பவர்கள், குற்றவாளியைத் தப்ப விட்டு, குற்றமற்ற உயிரைக் கொன்றுவிடுவார்கள்.