தீபாவளி வரைக்கும்

சீடருக்கு ஐம்பது ஆகப்போகிறது. குரு அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். இதைக் கேட்டதுமே பாதிப் பேருக்குச் சிரிப்பு வரும். வரட்டும், சிரித்து முடித்துவிட்டு மேலே கேளுங்கள்.

குருவின் பெயர் நப்பின்னை. திருச்சி தில்லைநகரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவளுடைய அறை. சனிக்கிழமை மத்தியானம் ஏழெட்டுப் பேர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படியேறி வருவார்கள். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குள் திருடன் எந்த வழியாக நுழைவான் என்று, அந்தக் கம்பெனியே கேட்டுக்கொண்டால், முன்கூட்டியே நுழைந்து பார்த்துச் சொல்கிற வேலையைக் கற்றுக்கொள்ள. ஹேக்கிங்தான். ஆனால் அனுமதி வாங்கிக்கொண்டு செய்கிற ஹேக்கிங்.

எந்தக் கம்பெனியாக இருந்தாலும் நப்பின்னைக்கு அது வீடுதான். "அந்த வீட்டுல பின்கதவு திறந்து கெடக்கு" என்பாள். "இந்த வீட்டுல சாவியை வாசப்படியிலேயே வெச்சிருக்காங்க" என்பாள்.

சீடர் பெயர் இருதயராஜ். ஒரு மில்லில் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தவர். மில்லை மூடிவிட்டார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருக்கிற ஆம்பளையைப் பார்த்து "அப்புறம், இப்ப என்ன பண்றீங்க?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்களே, அந்தக் கேள்விக்குப் பயந்துதான் இங்கே வந்து சேர்ந்தார். வந்தபிறகு ஆளை நகர்த்த முடியவில்லை. சின்னப் பிள்ளைகள் பாதியில் விட்டதையெல்லாம் இவர் உட்கார்ந்து முடிப்பார்.

அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

ஒருநாள் அவர் கேட்டார்.

"மேடம், உள்ள போறதுக்கு எத்தனையோ வழி சொல்லிக் குடுத்துட்டீங்க. வெளிய வர்றது எப்படின்னு சொல்லவே இல்லையே?"

தௌஃபீக் குறுக்கே விழுந்தான். காலேஜ் முடித்துவிட்டுப் படிக்க வருகிறவன், வாய்க்குப் பூட்டே கிடையாது. "லாகவுட்டை அமுக்குங்க சார், வந்துடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நப்பின்னை சிரிக்கவில்லை.

"அது கடைசிப் பாடம் சார். வரும்போது சொல்றேன்."

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது திரையைப் பூட்டாமல் எழுந்துபோனால் தொலைந்தார்கள். முதலில் பார்க்கிறவர் போய் உட்கார்ந்து, எழுந்துபோனவர் பெயரிலேயே வாட்ஸப் குரூப்பில், "இன்னிக்கு பஜ்ஜி என் பொறுப்பு" என்று போட்டுவிடுவார். அப்புறம் மறுபேச்சே இல்லை, வாங்கிக்கொடுத்தே ஆகவேண்டும். அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. பஜ்ஜி என்று அடி, பூட்டு, எழுந்திரு. வேறு எதன் மேலும் கண் போகக்கூடாது.

எல்லாரும் மாட்டியிருக்கிறார்கள். நப்பின்னை மட்டும் மாட்டியதே இல்லை. தண்ணீர் குடிக்கப் போனால்கூடப் பூட்டிவிட்டுத்தான் போவாள்.

தை மாசம் அவளுக்கு ஒரு வேலை வந்தது. பிரசவ ஆஸ்பத்திரி ஒன்று. தங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிற பெண்களின் விவரத்தை வெளியாள் எடுக்க முடியுமா என்று சோதித்துச் சொல்ல வேண்டும்.

"கூட ஒரு ஆள் வேணும். வயசும் நிதானமும் இருக்கிற ஆளா. நீங்க வாங்க சார்," என்றாள். "சனிக்கிழமை சாயங்காலம் உங்க பேரைக் குடுத்துடறேன். திங்கக்கிழமை போறோம்."

இருதயராஜ் அன்று நடந்து வீட்டுக்குப் போகவில்லை, பறந்து போனார். மனைவி எமல்டா கோயிலில் ஒருத்தரையும் பாக்கி வைக்காமல் சொல்லிவிட்டாள். மகள் புதுச் சட்டை எடுத்துக்கொடுத்தாள். ரொம்ப நாளைக்கப்புறம் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு ஒரு மரியாதை வந்திருந்தது.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் நப்பின்னைக்கு ஒரு போன் வந்தது. பேரைப் பார்த்ததும் முகம் மாறியது. போனைக் காதில் வைத்தபடியே மொட்டை மாடிக்கு ஓடினாள். லேப்டாப் அப்படியே கிடந்தது.

மற்றவர்கள் அவரவர் திரையில் மூழ்கியிருந்தார்கள். இருதயராஜ்தான் பார்த்தார். அடடா, மேடமே மாட்டிக்கிட்டாங்களே! சின்னப் பையன் மாதிரி பூனை நடை நடந்துபோய் உட்கார்ந்தார்.

குரூப்பைத் திறக்க வேண்டும். திறந்திருந்ததோ வேறு பேச்சு. மேலே 'அக்கா' என்று பேர் இருந்தது. கடைசி வரியில், "மஸ்கட்னு இன்னும் எத்தனை நாள்டீ சொல்லுவே?" என்று இருந்தது.

நப்பின்னையின் கணவன் மஸ்கட்டில் வேலை பார்ப்பதாகத்தான் எல்லாருக்கும் தெரியும்.

கை பஜ்ஜிக்குப் போகவில்லை. மேலே தள்ளியது. இன்னும் மேலே தள்ளியது. அவன் மஸ்கட்டில் இல்லை. இதே திருச்சியில், உறையூரில், இன்னொருத்தியோடு இருக்கிறான். மாடியில் காலடிச் சத்தம் கேட்டதும் இருதயராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவசரமாகக் குரூப்பைத் திறந்து, பஜ்ஜி என்று அடித்து, பூட்டிவிட்டுத் தன் இடத்துக்கு வந்துவிட்டார்.

எல்லார் போனும் ஒன்றாகக் கத்தின. தௌஃபீக் மேஜையைத் தட்டினான். "மேடம் பஜ்ஜி! மேடம் பஜ்ஜி!"

நப்பின்னை முகத்தைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்," என்று சிரித்துக்கொண்டே கீழே சொல்லியனுப்பினாள். வாழைக்காய் பஜ்ஜி வந்தது, வெங்காய பஜ்ஜி வந்தது. இருதயராஜுக்கு ஒரு வாய் இறங்கவில்லை. பாவம், இந்தப் பொண்ணு எதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு சிரிக்கிறது!

தௌஃபீக் சட்னியைத் தொட்டபடி ஆரம்பித்தான். "ஏன் மேடம், பொங்கலுக்கு மஸ்கட்லேருந்து சார் வரலையா? பேரீச்சம்பழம் கண்ணுலயே காட்டலையே?"

"அவருக்கு லீவு கிடைக்கலப்பா," என்றாள் நப்பின்னை.

"டேய், அதெல்லாம் எதுக்குடா மேடம்கிட்ட கேக்கறே? வாயை மூடு!"

கத்தியது இருதயராஜ். யாரையும் வாடா போடா என்று பேசாத மனுஷன். தௌஃபீக் கையில் பஜ்ஜியோடு முழித்தான்.

நப்பின்னை இருதயராஜைப் பார்த்தாள். அப்புறம் பூட்டியிருந்த தன் லேப்டாப்பைப் பார்த்தாள். அவருக்குக் காது மடல்வரை சுட்டது.

வகுப்பு சீக்கிரமே முடிந்தது. "சார், நீங்க இருங்க," என்றாள்.

எல்லாரும் படியிறங்கிப் போனபிறகு, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"பஜ்ஜி போட்டது நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"அக்கா பேசினதைப் பாத்தீங்க."

"கண்ணுல பட்டுச்சு மேடம். ஒரு வரிதான்."

"எதுவரை மேல போனீங்க?"

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"சார்."

"தீபாவளி வரைக்கும்," என்றார். தன் குரலைக் கேட்கவே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

தாங்கமாட்டாமல் அவரே மேலும் சொன்னார்.

"தொறந்து கெடந்துச்சு மேடம். நான் எதையும் உடைக்கல."

"தொறந்து போட்டது என் தப்பு. அதுக்குப் பஜ்ஜி வாங்கிக் குடுத்துட்டேன். நீங்க படிச்சதுக்கு எந்தக் கடையில போய் என்ன வாங்குவீங்க?"

"கெட்ட எண்ணம் இல்ல மேடம். சத்தியமா இல்ல. உங்களை நெனச்சு வயிறு எரிஞ்சுது. அதனாலதான் அந்தப் பையன்கிட்ட... எமல்டாகிட்டகூட மூச்சு விட மாட்டேன்."

"தெரியும் சார். நீங்க நல்லவர்தான்." அவள் குரல் லேசாக உடைந்தது. "இந்த ஒரு ரூம்லதான் நான் நிம்மதியா பொய் சொல்லிட்டு இருந்தேன். இனிமே மஸ்கட்னு சொல்றப்பெல்லாம் உங்க முகத்தைப் பாக்கணும்."

இருதயராஜுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை போலிருந்தது.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். அக்காவின் பேச்சை எடுத்து, திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"தீபாவளிக்கு முந்தி நடந்ததுதான் நெறைய. மீதியையும் படிச்சிடுங்க. என் எதிர்லயே உட்கார்ந்து படிங்க."

"வேண்டாம் மேடம்."

"ஏன்? மத்தியானம் யாரும் பாக்கல, அதுதான் வித்தியாசமா?"

அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். மூடியபடியே கையை நீட்டி, தட்டுத்தடுமாறிக் கீபோர்டில் பொத்தான்களைத் தேடி, திரையைப் பூட்டினார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. துடைக்கவும் தோன்றவில்லை.

நப்பின்னை போனை எடுத்தாள். ஆஸ்பத்திரிக்குத்தான் பேசினாள்.

"வணக்கம் டாக்டர். திங்கக்கிழமை நான் மட்டும்தான் வர்றேன். இல்ல, கூட யாரும் இல்ல."

புதுச் சட்டை ஞாபகம் வந்தது அவருக்கு. எமல்டாவிடம் என்ன சொல்வது? உண்மையைச் சொல்ல முடியாது. சொன்னால் இவள் வீட்டு விஷயமும் வெளியே வந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார்.

"மறந்துடறேன் மேடம்."

"முடியுமா?"

அவர் தலைகுனிந்து நின்றார். முடியாது என்று அவருக்கே தெரிந்தது.

"நான் இனிமே வரவே வேண்டாமா மேடம்?"

"சனிக்கிழமை வகுப்பு இருக்கு. எப்பவும் போல வாங்க."

"ஆஸ்பத்திரி மாதிரி வேலைக்கு... என்னிக்காவது கூட்டிட்டுப் போவீங்களா?"

நப்பின்னை பஜ்ஜித் தாள்களைப் பொறுக்கிக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள்.

"வெளிய வர்றது எப்படின்னு அன்னிக்குக் கேட்டீங்களே. முதல்ல எங்க வீட்டை விட்டு வெளிய வாங்க சார்."