செங்கால் நாரை குரலை இழந்த கதை

பறவையும் மனிதரும் ஒரே பேச்சில் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மொராக்கோ நாட்டு மலையூர் ஒன்றில் யூதர் தெருவும் முஸ்லிம் தெருவும் முதுகோடு முதுகு ஒட்டியிருந்தன. நடுவே ஒரு மண்சுவர். சுவரோரம் நின்ற பழைய காவல் கோபுரத்தின் உச்சியில் ஒரு செங்கால் நாரை கூடு கட்டிக் குடியிருந்தது.

அந்த நாரைக்கு அருமையான குரல். பாடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அது செய்ததோ வேறு. இந்த வீட்டுச் சமாச்சாரத்தை அந்த வீட்டுக்குக் கொண்டுபோகும், அந்த வீட்டுச் சமாச்சாரத்தை இங்கே கொண்டுவரும். நம் நாரதர் அந்தப் பக்கம் போயிருந்தால் அவரே கொஞ்சம் கற்றுக்கொண்டு வந்திருப்பார். பார்த்ததைச் சொன்னால்கூடப் பரவாயில்லை, பார்க்காததையும் கண் காது மூக்கு வைத்துச் சொல்லும்.

சுவருக்கு இந்தப் பக்கம் ஃப்ரேஹா என்ற யூதப் பெண். அவள் கணவன் யாயிஷ், கழுதைகளுக்குச் சேணம் தைப்பவன். அந்தப் பக்கம் இத்தோ என்ற முஸ்லிம் பெண். கணவனை இழந்தவள். ஒரு துண்டு நிலம், ஓர் ஆடு, தமூ என்ற சின்ன மகள், இவ்வளவுதான் அவளுக்கு. இருவரும் சுவர் வழியாக நெருப்பும் உப்பும் மாற்றிக்கொண்டு அக்கா தங்கையாக இருந்தவர்கள். நாரைக்கு அது பொறுக்கவில்லை. "உன் ரொட்டியும் உன் வீட்டுக்காரர் தைக்கிற சேணமும் ஒண்ணுதானாம், இத்தோ சொல்றா" என்று ஃப்ரேஹாவிடம் சொன்னது. அதே மூச்சில் இத்தோவிடம் பறந்துபோய், "உன் வெண்ணெயைத் தொட்டா ஒரு வாரம் கை நாறுதாம்" என்றது. இரண்டும் பச்சைப் பொய். அன்றோடு இரண்டு பெண்களுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோனது.

அந்த வருஷம் வெட்டுக்கிளிக் கூட்டம் வந்து வயலை வழித்துத் தின்றுவிட்டுப் போனது. அடுத்த வசந்தத்தில் புதுப் பார்லி பச்சையாக நின்றது. அது முற்றும்வரை இத்தோ வீட்டில் ஒரு பிடி மாவு இல்லை. ஆனால் அவள் ரோஷக்காரி. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று, வெறும் அடுப்பில் சுள்ளியைப் போட்டுப் புகை மட்டும் காட்டிக்கொண்டிருந்தாள். யாயிஷ் மலைக்கு அப்பாலுள்ள ஊர்களில் சேணம் தைத்து, கூலியாக ஒரு மூட்டை மாவு வாங்கி வந்திருந்தான்.

அப்போது யூதர்களின் பஸ்கா பண்டிகை வந்தது. அந்த எட்டு நாளும் புளித்த மாவு எதுவும் அவர்கள் வீட்டில் இருக்கக் கூடாது. நாம் தயிருக்கு உறை எடுத்து வைப்பதுபோல அவர்கள் ரொட்டிக்கு எடுத்து வைக்கும் புளித்த மாவுருண்டைகூட வெளியே போக வேண்டும். மீந்த மாவையும் சேர்த்து நெருப்பில் போடுவதுதான் அந்தத் தெருவின் வழக்கம். யாயிஷ் முற்றத்தில் நெருப்பு மூட்டினான்.

மேலே இருந்த நாரைக்கு இரண்டு முற்றமும் தெரிந்தன. இங்கே மாவு மூட்டை நெருப்பருகே இருந்தது. அங்கே தமூ அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தாள். நாரை கூட்டின் விளிம்புக்கு ஓடி வந்து கூவியது.

"ஃப்ரேஹா, எரிக்காதே! தமூ பசியில சாகப்போறா!"

"போதும் உன் புளுகு. அவ அடுப்பு புகையுதே, எனக்கென்ன கண்ணு இல்லையா?"

"அது வெறும் புகை! அடுப்புல ஒண்ணுமே இல்லை. சுவர்மேல ஏறிப் பாரு!"

"நான் எட்டிப் பார்க்கணும், அவ சிரிக்கணும், அதை நீ ஊரெல்லாம் சொல்லணும். அதுதானே? போ, போ."

"அன்னைக்குச் சொன்னது பொய். சேணமும் பொய், வெண்ணெயும் பொய். இது மட்டும் சத்தியம்!"

யார் நம்புவார்கள்? யாயிஷ் மூட்டையைத் தூக்கினான். நாரை கத்தியது. இறக்கையை அடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கப் புடைக்கக் கத்தியது. திடீரென்று குரல் கம்மியது, உடைந்தது, நின்றேபோனது. அலகு மட்டும் திறந்து மூடி, 'டக் டக் டக்' என்று அடித்துக்கொண்டது.

வாயே மூடாத நாரைக்குப் பேச்சு நின்றதைப் பார்த்ததும் ஃப்ரேஹாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

"கொஞ்சம் பொறுங்க" என்று கணவனிடம் சொல்லிவிட்டு, ஏணி போட்டுச் சுவர்மேல் ஏறினாள். எட்டிப் பார்த்தாள். சட்டென்று இறங்கினாள். புளித்த மாவுருண்டையை மடியில் கட்டிக்கொண்டாள். மூட்டையைக் கணவன் தோளில் ஏற்றினாள். இருவரும் தெருவைச் சுற்றிக்கொண்டு இத்தோ வீட்டுக்குப் போனார்கள்.

இத்தோ வாசலை மறித்து நின்றாள். "பிச்சை போட வந்தியா?"

"இல்லக்கா. இது என் வீட்ல இருக்கக் கூடாது. நீ வாங்கிக்கலேன்னா நெருப்புக்குத்தான் போகும். பிள்ளை இப்படிக் கிடக்கிறப்போ மாவை எரிச்ச பாவம் எனக்கு வேண்டாம். என்னைக் காப்பாத்துக்கா."

இத்தோ மகளைப் பார்த்தாள். வழியை விட்டாள். "எப்போ திருப்பித் தரணும்?"

"திருப்பி வாங்கறதா இருந்தா அது இன்னும் என் மாவுதானே? அது கூடாது. கொடுத்தாச்சு. உன்னோடது." பிறகு மெல்லக் கேட்டாள், "ஏங்க்கா, என் ரொட்டி சேணம் மாதிரியா இருக்கு?"

"எந்தப் பாவி சொன்னான்? என் வெண்ணெய் நாறுதுன்னு நீ சொன்னியாமே!"

இருவரும் ஒன்றாக மேலே பார்த்தார்கள். நாரை வெட்கத்தில் தலையை முதுகின்மேல் சாய்த்துக்கொண்டு அலகைத் தட்டியது.

அன்று தமூ ரொட்டி தின்றாள். மறுநாள் எழுந்து உட்கார்ந்தாள். இத்தோ பண்டிகை நாள் முழுக்க ரொட்டி சுட்டாள். ஆனால் அந்தப் புளித்த மாவில் ஒரு உருண்டையைத் தொடாமல், தினமும் ஒரு பிடி மாவு சேர்த்து உயிரோடு வைத்திருந்தாள். பண்டிகை முடிந்ததும் ஃப்ரேஹா வீட்டில் மாவைப் பொங்கவைக்க எதுவும் இருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

பண்டிகை முடிந்த மாலை. வயலில் முந்தி முற்றிய கதிர்களை உருவி அரைத்த மாவு, ஒரு கிண்ணம் பால், வெண்ணெய், நடுவில் அந்த மாவுருண்டை, சுற்றிலும் பசுங்கதிர். இவற்றை ஒரு பெரிய தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு இத்தோ ஃப்ரேஹாவின் வாசலில் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். மேலே நாரைதான் பார்த்துவிட்டு 'டக் டக்' என்றது. ஃப்ரேஹா கதவைத் திறந்தாள். தாம்பாளத்தைப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது.

"நான் திருப்பிக் கேட்கலியேக்கா."

"நான் திருப்பித் தரலை. என்னோடதை உனக்குத் தரேன். என் பிள்ளை சிரிக்கறா ஃப்ரேஹா. அதுக்கு நான் எதைக் கொடுத்தாத் தகும்?"

"இவ்வளவு நேரமா நிக்கறியே, தட்டக் கூடாதா?"

"ரெண்டு கையும் நிறைஞ்சிருக்கு. எதால தட்டுவேன்?"

ஃப்ரேஹா தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். யாயிஷ் எழுந்துபோய்க் கதவைச் சுவரோடு சுவராகத் திறந்து வைத்தான்.

அன்று போன குரல்தான், செங்கால் நாரைக்குத் திரும்ப வரவில்லை. இன்றும் அது தலையை முதுகில் சாய்த்து அலகைத்தான் தட்டுகிறது. அதன் கூட்டை அந்த ஊரில் எந்தத் தெருக்காரரும் கலைப்பதில்லை. அந்த யூதர்களில் பலர் பின்னாளில் கடல் தாண்டிப்போய், எங்கெங்கோ அடுக்குமாடிகளில் குடியிருக்கிறார்கள். அங்கேயும் பஸ்கா முடிகிற மாலையை மிமூனா என்று கொண்டாடி, மேசையில் மாவும் பாலும் பசுங்கதிரும் வைக்கிறார்கள். இரண்டு கையும் நிறைய ஏந்தி வருகிறவர் எப்படித் தட்டுவார் என்று, அன்று முதல்தான் அந்த ஒரு மாலை அவர்கள் கதவைச் சாத்துவதில்லை.