தலை விழுமுன் ஒரு பாட்டு

வெகு காலத்துக்கு முன்பு, மலை முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் வெண்கானம் என்றொரு நாடு இருந்தது. அதை இளவேட்டன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் சிரிப்பான், மாலையில் சீறுவான். ஆனாலும் நெஞ்சில் ஈரம் உள்ளவன். அவனுடைய கோபத்தைப் பக்குவமாக ஆற்றத் தெரிந்தவர் அமைச்சர் நன்னாகர் ஒருவர்தான். அவருடைய இருக்கைமேல் வெகுநாளாகக் கண் வைத்திருந்தவர் இசைமண்டப அதிகாரி பெருஞ்சாத்தர்.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் அரசவை மாறிப்போனது. என்ன மாறியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தூண்கள் அதே தூண்கள், விளக்குகள் அதே விளக்குகள். வழக்கம்போலத் திரைக்குப் பின்னால் யாழ் வாசிப்பவரும் இருந்தார். ஆனால் அவையில் உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் எல்லோருக்கும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. பக்கத்தில் இருப்பவன் தன்னைப் பற்றித்தான் முணுமுணுக்கிறான் என்று தோன்றியது. அரண்மனை நாய்கள் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு, வாலை ஒடுக்கிக்கொண்டு ஓடின. மாங்காய் பறித்தவனுக்கு அரசன் கசையடி கொடுத்தான். முறையிட வந்த பெண்ணையே சிறையில் தள்ளினான்.

பெருஞ்சாத்தர் மட்டும் வெற்றிலை மென்றபடி தெம்பாக இருந்தார். முன்னைவிட உரக்கவும் பேசினார். செருக்கு ஏறிவிட்டது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் பட்டத்து யானை இறந்தது.

“கரும்பில் நஞ்சு வைத்தவர் இதோ நிற்கிறார்!” என்று நன்னாகரைக் காட்டி முழங்கினார் பெருஞ்சாத்தர். “இன்று யானை, நாளை தாங்கள்!”

அரசனின் கண்கள் சிவந்தன. “வாயைத் திறந்து பதில் சொல்லும், அமைச்சரே!”

நன்னாகர் வாயைத் திறந்தார். சொல் வரவில்லை. அவர் மனத்துக்குள் ஒரு காட்சி எழுந்தது. இருட்டான யானைக் கொட்டடி. அவர் கையில் கரும்பு. அதன்மேல் அவரே எதையோ தடவுகிறார். தும்பிக்கை நீண்டு வந்து அதை வாங்குகிறது.

‘ஐயோ, நான்தான் செய்தேனோ?’

தலை குனிந்தார். எதிரே ஒரு செம்பில் குடிநீர் வைத்திருந்தார்கள். அந்த நீர் நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று இல்லை. யாரும் நடக்கவில்லை. ஆனாலும் ஓரத்திலிருந்து நடுவுக்கு வளையம் வளையமாக அது நடுங்கியது.

நன்னாகர் அந்த நீரையே பார்த்தார். ‘இங்கே ஏதோ ஒலிக்கிறது. பழகிப்போன காது அதைக் கேட்பதில்லை. மனம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கிறது.’

“பேச மாட்டீரா? அப்படியானால் குற்றம் உம்முடையதுதான்!” அரசன் தானே வாளை உருவிக்கொண்டு இறங்கி வந்தான். “நம் நாட்டு வழக்கத்தை நான் மீற மாட்டேன். தலை விழுமுன் ஒரு பாட்டுக் கேட்கலாம். எது வேண்டும்?”

இரக்கம் பிறக்கும் பாட்டைத்தான் கேட்பார் என்று அவை எதிர்பார்த்தது. நன்னாகர் மெல்லிய குரலில் சொன்னார்: “ஒரு பாட்டு நேரம் யாரும் எதையும் வாசிக்க வேண்டாம், அரசே. யாழும்கூட. அதுதான் நான் விரும்பும் பாட்டு.”

“விசித்திரமான ஆள் நீர்! சரி, அப்படியே ஆகட்டும். யாழை நிறுத்து!”

யாழ் நின்றது.

அது அத்தனை நாளும் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதே நின்றபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. அருவியோரம் வாழ்ந்தவர்களுக்கு அருவி சட்டென்று வற்றியதுபோல அவை திடுக்கிட்டது. செம்பு நீர் அசையாமல் கிடந்தது. நன்னாகரின் மனத்திலிருந்த கரும்பும் கொட்டடியும் கரைந்துபோயின. அவர் ஒருநாளும் அந்தக் கொட்டடிக்குள் கால் வைத்ததில்லை.

அரசன் தன் கையிலிருந்த வாளைப் பார்த்தான். யாரோ அதைத் திணித்துவிட்டுப் போனதுபோல விழித்தான். “கிழட்டு யானை, மூப்பினால் இறந்தது என்று பாகன் சொன்னானே! நான் ஏன் அதைக் கேட்கவில்லை?”

அந்த அமைதியில் ‘தப்... தப்...’ என்று ஒரு சத்தம். எல்லோரும் திரும்பினார்கள். பெருஞ்சாத்தர் கண்ணை மூடி, தலையை ஆட்டி, தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

அரசன் அவர் அருகே போய்க் கத்தினான். “பாட்டு எப்படி இருக்கிறது?”

“அபாரம், அரசே! சாகப்போகிற நேரத்திலும் அமைச்சருக்கு என்ன ரசனை!”

ஒருவரும் சிரிக்கவில்லை.

“அவர் காதுகளைப் பாருங்கள், அரசே,” என்றார் நன்னாகர்.

காவலன் அந்தக் காதுகளிலிருந்து தேன்மெழுகு உருண்டைகளை எடுத்தான். திரையை விலக்கினார்கள். யாழ்க்காரர் யாழைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய விரல்கள் மட்டும் வெறும் காற்றை மீட்டிக்கொண்டிருந்தன.

“காதில் விழுந்தும் விழாததுபோல மெல்ல வாசி என்றார் அதிகாரி,” என்று அவர் அழுதார். “இப்போது நிறுத்தினாலும் இவை நிற்க மாட்டேன் என்கின்றன, அரசே.”

“அதே இசையை இவர் காது திறந்திருக்கும்போது வாசி,” என்றான் அரசன்.

முதல் நரம்பு அதிர்ந்ததுமே பெருஞ்சாத்தர் காதைப் பொத்திக்கொண்டு தரையில் விழுந்தார். “வேண்டாம்! அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்! அமைச்சர் பதவிக்காக நான்தான் வாசிக்கச் சொன்னேன்!”

அன்றே அவர் எல்லைக்கு அப்பால் அனுப்பப்பட்டார். கசையடி பட்டவனிடமும் சிறைப்பட்ட பெண்ணிடமும் அரசன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டான். தன் முத்துமாலையைக் கழற்றி நன்னாகருக்கு அணிவித்தான். ஆனால் அவன் முகம் தெளியவில்லை.

“அமைச்சரே, அந்தக் கோபத்தை என்னுடையது என்றுதான் நம்பினேன். இப்போது உம்மேல் பொங்கும் இந்த அன்பு? இது என்னுடையதுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வேன்?”

நன்னாகர் செம்பை எடுத்து அரசன் முன் வைத்தார். “பாருங்கள், அரசே. கேளுங்கள்.”

அரசன் பார்த்தான். அவை முழுவதும் மூச்சடக்கிக் கேட்டது. நீர் அசையவில்லை.

அன்று முதல் வெண்கானத்தில் எந்தத் தீர்ப்புக்கு முன்பும் அரசன் கையை உயர்த்துவான். அவை அடங்கும். நடுவே ஒரு செம்பு நீர் இருக்கும். அதன் அசைவு நிற்கும்வரை அந்த நாட்டில் யாரும் வாய் திறப்பதில்லை.